நீல வயரைக் கழற்றச் சொல்லியிருந்தால் என் 24,000 ரூபாய் போயிருக்காது

எனக்கு மூன்று பழைய கணினிப் பெட்டிகளை விற்ற கடைக்காரர் இன்று காலை பதினோரு மணிக்கு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். அதற்கு முன்பு அனுப்பிய நான்கு செய்திகளையும் படித்திருக்கிறார், ஒன்றுக்கும் பதில் இல்லை. போனது 24,000 ரூபாய். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று சீட்டுக் கட்டி எடுத்த பணம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிப்போனால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அடுத்து வேறு ஒருவர் அந்தப் படியேறுவார்.

எங்களுக்குக் கேரள எல்லைக்குள் இருக்கும் குமுளியில் சிறிய ஏலக்காய்க் கடை. சொந்த ஊர் கம்பம். கணவர் கொள்முதலுக்குத் தோட்டங்களுக்குப் போவார், கணக்கும் பில்லும் என் பொறுப்பு. காயைத் துடைத்துத் தரம் பிரிக்கும் இடத்திலேயே கணினியும் இருக்கிறது. காம்பும் பூ நுனியும் உதிர்ந்து பஞ்சு போலப் பறக்கும். பழைய கணினியின் காற்றாடியில் அந்தத் தூசி அப்பிக்கொண்டு, மூன்று வருடத்தில் இரண்டு முறை நின்றுபோனது. போன இடவப்பாதி மழையின்போது (தென்மேற்குப் பருவமழையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஈரத்தோடு சேர்ந்து களிம்பாகவே இறுகிவிட்டது. அதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை.

காற்றாடியே இல்லாத சின்னக் கணினிகள் இருக்கின்றன என்று என் மகன்தான் சொன்னான். வங்கிகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் மேசைக்கு மேசை வைத்திருப்பார்கள், தின் கிளையண்ட் என்று பெயர், உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது, சூட்டை உலோகத் தகடே வெளியேற்றிவிடும். தூசி பறக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது உண்டா? இன்றைக்கும் அந்த யோசனை தவறு என்று நான் நினைக்கவில்லை.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் பார்த்தேன். "காற்றாடி இல்லாத மினி கணினி, 8 ஜிபி மெமரி, விண்டோஸ் 11, பிறகு கூட்டிக்கொள்ளலாம், ஆடிச் சலுகை 6,500." தேனியில் பழைய கணினி விற்கும் கடை. படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பக் கூடாது என்று நானே பஸ் ஏறிப் போனேன். நேரில் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான் நேரில் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குமுளியில் கடை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் கம்பத்துக்காரன்தான் அக்கா. மலை மேலே போய்ப் பிழைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு நான் லாபம் பார்ப்பதில்லை" என்றார். டீ வரவழைத்தார். உள்ளங்கையை விரித்தால் மூடிவிடும் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதோடு திரை, விசைப்பலகை, சுட்டி. பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு நீல நிற நெட்வொர்க் வயர் மேசைக்கு அடியில் இறங்கி, சுவரோரமாகப் போய், உள் அறைத் திரைச்சீலைக்குக் கீழே மறைந்தது. என் கண் அதில் பட்டது. "இது எதற்கு?" என்று கேட்டும் விட்டேன். "இன்டர்நெட் வயர் அக்கா, வைஃபை இங்கே சரியாக வராது" என்றார்.

திரையில் விண்டோஸ் 11 பளிச்சென்று இருந்தது. அவரே சுட்டியைப் பிடித்து, கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்தார். ராம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், 8.00 ஜிபி. ஐ5 பிராசசர். சேமிப்புக்கான சி டிரைவில் 237 ஜிபி. "நீங்களே படித்துப் பாருங்கள், நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். படித்தேன். எங்கள் பில் மென்பொருளைப் போலவே ஒன்று அதில் இருந்தது, திறந்து காட்டினார், ஒரு நொடியில் திறந்தது. அந்த இடத்தில் என் சந்தேகம் முழுவதும் கரைந்துவிட்டது. எண்களைக் கண்ணால் பார்த்த பிறகு வேறு என்ன கேட்பது?

ராமைப் பிறகு கூட்ட முடியுமா என்று கேட்டேன். "உள்ளே ராம் செருக இரண்டு ஸ்லாட், ஒன்று காலி. இன்னொரு 8 ஜிபி போட்டால் 16. இப்போதே சொல்லி வைத்தால் ஒன்று 1,500-க்கு மதுரையிலிருந்து எடுத்துத் தருகிறேன்" என்றார். மூன்று பெட்டி, 19,500. ராமுக்கு முன்பணம் 4,500. ஆக மொத்தம் 24,000 ரூபாய். பில் கேட்டேன். "கேரளாவுக்குப் பில் போட்டால் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனை வரி, கூடுதலாக வரும் அக்கா, எல்லையில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், எஸ்டிமேட் போதும்" என்றார். ஒரு துண்டுச் சீட்டில் "மினி பிசி 3, அட்வான்ஸ் சேர்த்து" என்று எழுதிக் கொடுத்தார். பணம் போன யுபிஐ கணக்கில் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். "தம்பி மனைவி கணக்கு" என்றார். அதையும் ஏற்றுக்கொண்டேன். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் பஸ் வளைந்து ஏறும்போது மூன்று பெட்டிகளையும் மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

குமுளியில் இணைத்தேன். விண்டோஸ் வரவில்லை. நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்து, எந்தச் சர்வருடன் இணைய வேண்டும் என்று கேட்டது. மூன்று பெட்டியும் அப்படியே.

அன்று மாலையே அழைத்தேன். "பையன் வெளியே போயிருக்கிறான், நாளைக்கு அவனே பேசுவான்" என்றார். மறுநாள், "உங்கள் ஊர் இன்டர்நெட்டில் கோளாறு." மூன்றாம் நாள், "ராம் வந்ததும் எல்லாம் சேர்த்துச் சரி செய்து தருகிறேன்." ராம் மதுரையில் ஏறிவிட்டது என்றார். பிறகு ஆண்டிப்பட்டியில் பார்சல் மாறிவிட்டது என்றார். பிறகு ஆடிப்பெருக்கு விடுமுறை. ஒவ்வொரு முறையும் "அக்கா, அக்கா" என்று தேன் ஒழுகப் பேச்சு. முதல் சுற்றுக் காய் எடுப்பு தொடங்கிவிட்டது, புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனைக்குச் சரக்கு போக வேண்டும், நான் இரவு பத்து மணிக்கு நோட்டுப் புத்தகத்தில் எடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கம்பத்தில் கணினி பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். பெட்டியைப் புரட்டி லேபிளைப் பார்த்ததுமே அவன் முகம் மாறியது. "அக்கா, இது டெல் வைஸ் 3040. இதில் ராமைக் கூட்ட முடியாது." எனக்கு விளங்கவில்லை. இரண்டு ஸ்லாட் இருக்கிறது என்றாரே என்றேன். அவன் மூடியைத் திறந்து விளக்குக்கு நேரே பிடித்தான். உலோகத் தகட்டுக்குக் கீழே ஒரே ஒரு சிறிய பலகை. "ஸ்லாட் எங்கே இருக்கிறது, நீங்களே காட்டுங்கள்." இல்லை. ராம் சில்லுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. சேமிப்புச் சில்லும் அப்படியே, அதற்கு இஎம்எம்சி என்று பெயராம். பெட்டியை ஆன் செய்து, அதன் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் பக்கத்தைத் திறந்தான், கடவுச்சொல் கேட்டது. இந்த வகைப் பெட்டிகளுக்கு ஆலையில் போடும் பொதுக் கடவுச்சொல் ஒன்று உண்டாம், "ஃபயர்போர்ட்" என்று அடித்தான், திறந்தது. மெமரி 2 ஜிபி. பிராசசர் இன்டெல் ஆட்டம் இசட்8350. ஐ5 எங்கே, இது எங்கே!

அப்படியானால் நான் கடையில் பார்த்த 8.00 ஜிபி? அதற்கு அந்தத் தம்பி சொன்ன விளக்கத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தின் கிளையண்டின் வேலையே வேறொரு கணினியின் திரையைக் கொண்டுவந்து காட்டுவதுதான். கணக்கிடுவது, சேமிப்பது எல்லாம் அங்கே நடக்கும். இந்தப் பெட்டி படத்தை வாங்கிக் காட்டும், நாம் தட்டும் எழுத்தை அங்கே அனுப்பும். வங்கிகள் அதற்காகத்தான் வைத்திருக்கின்றன. அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் ஓர் ஐ5 கணினி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் படித்த ராமும் டிரைவும் அதனுடையவை. நீல வயர் அங்கேதான் போயிருக்கிறது. "இது எதற்கு" என்று நான் கேட்ட அதே வயர்!

மறுநாள் தேனிக்கு நேரே போனேன். இந்த முறை டீ இல்லை. "தின் கிளையண்ட் என்று சொல்லித்தானே விற்றேன், நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார். 8 ஜிபி என்று விளம்பரம் செய்தீர்களே என்றேன். அவர் கூசாமல் சொன்னார்: "8 ஜிபி மெமரி என்றுதான் போட்டேன். உள்ளே 8 ஜிபி மெமரி இருக்கிறது." இருக்கிறது. அது ராம் அல்ல, சேமிப்பு. அந்த மாதிரியில் இஎம்எம்சி 8 ஜிபியோ 16 ஜிபியோதான் வரும், எங்களுடையது 8. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும். இந்தப் பெட்டியில் அது நிற்கவே இடம் கிடையாது. இது அவருக்குத் தெரியாதா?

ராமுக்கு வாங்கிய 4,500-ஐயாவது கொடுங்கள் என்றேன். "ஆர்டர் போட்டாயிற்று, ரத்து செய்ய முடியாது." போட ஸ்லாட்டே இல்லாத பெட்டிக்கு ராம் ஆர்டராம்! பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்றுக்கு 900 தருகிறேன் என்றார். மூன்று பெட்டியையும் 19,500-க்கு விற்ற மனிதர், மூன்று வாரத்தில் 2,700 என்கிறார். கடையில் நின்ற இரண்டு பேர் என்னையே வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா" போய் "ஏம்மா, வியாபாரத்தைக் கெடுக்காதே" என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். 24,000 ரூபாய் போனதைவிட அந்த "ஏம்மா" அதிகமாகச் சுட்டது.

செயலியில் புகார் கொடுத்தேன். ஆறு நிமிடத்தில் "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று வந்தது. என்ன முடித்தார்கள், யாரைக் கேட்டார்கள்?

பெட்டியின் மீது எனக்குக் கோபம் இல்லை. அது செய்யப்பட்ட வேலைக்கு அது சரியானதுதான். கம்பத்துத் தம்பி ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லைனக்ஸ் என்ற சிறிய இயங்குதளம் ஏற்றிக் கொடுத்திருக்கிறான், எடை குறித்து வைக்க உதவுகிறது. எங்கள் பில் மென்பொருள் அதில் ஓடாது. கூட்டிக்கொள்ளக்கூடிய பெட்டிகள் வேறு இருக்கின்றன என்றும் அவன் சொன்னான். வைஸ் 5070-இல் டிடிஆர்4 வகை ராமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டி என்னும் சேமிப்புப் பலகையைச் செருக எம்.2 என்ற ஓர் இடம். அதில் சாட்டா வகை எஸ்எஸ்டிதான் வேலை செய்யும், என்விஎம்இ வகை வாங்கினால் வீண். எச்பி டி620-இல் டிடிஆர்3எல் ராமுக்கு இரண்டு ஸ்லாட், அதிலும் எம்.2 சாட்டாதான். இரண்டும் காற்றாடி இல்லாதவை. இதை முதலில் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் நான் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவை மட்டும். மாதிரியின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள், "மினி பிசி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "மெமரி" என்ற சொல்லை ஏற்காதீர்கள், ராம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மூடியைத் திறந்து ஸ்லாட்டைக் காட்டச் சொல்லுங்கள். வைஸ் 3040-இல் 5 வோல்ட் வகை, 12 வோல்ட் வகை என இரண்டு உண்டு, அடாப்டரை லேபிளோடு ஒப்பிடாமல் செருகாதீர்கள். எல்லை தாண்டினால் கூடுதல் வரி என்பது பொய். மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி, மாநில வரி என 9-ம் 9-மாகப் பிரித்துப் போடும் அதே 18 சதவீதம்தான் ஐஜிஎஸ்டியாக வருகிறது, பில்லை விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் பேசினேன். துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, விளம்பரத்தின் படம் மூன்றையும் கேட்டார்கள், கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எங்களுக்கு இடுக்கி. சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆகவே 24,000 ரூபாயை நான் விடுவதாக இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகன் செயலியைத் திறந்து காட்டினான். வேறு பெயரில் புதிய விளம்பரம், விலை 5,999. அதே மேசை, அதே கறுப்புப் பெட்டி, திரையில் அதே விண்டோஸ் 11. படத்தின் ஓரத்தில் நீல வயர் திரைச்சீலைக்குக் கீழே போகிறது. அங்கே போகிறவர்கள் யாராக இருந்தாலும், முதலில் அந்த வயரைக் கழற்றச் சொல்லிவிட்டுத் திரையைப் பாருங்கள்.