ஜோடி அதிவேகக் கேமரா செட்: டிரிகர் பெட்டிக்காகவே வாங்கலாம்

மட்டையில் மோதித் திரும்பும் பந்தை அளப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலை. பந்து நொடிக்கு 40 மீட்டர் வரை வேகத்தில் வரும். முன்பெல்லாம் பக்கவாட்டில் ஒரே ஒரு அதிவேகக் கேமராவை வைத்து அளந்தோம். பந்து கேமராவின் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து வந்தாலே வேகம் தப்பாக வரும். இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் பந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற ஆழமும் கிடைக்கும், அதனால்தான் இந்த செட்டுக்கு மாறினோம். இரண்டு கேமரா, அவற்றைப் பொருத்த அரை மீட்டர் கார்பன் ஃபைபர் தண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் படம் எடுக்க வைக்கும் டிரிகர் பெட்டி, கேமராக்களின் அளவீட்டைச் சரிசெய்ய உதவும் கேலிபரேஷன் பலகை, மென்பொருள் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. விளக்கு மட்டும் கிடையாது.

முதலில் டிரிகர் பெட்டியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த செட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் படம் எடுக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஒன்று 100 மைக்ரோ நொடி பிந்தினால் அதற்குள் பந்து 4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நாங்கள் பந்தை 2 மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறோம். பந்து குறுக்கே பறக்கும்போது அந்த 4 மில்லிமீட்டர், தூரம் கேமராக்களின் அரை மீட்டர் இடைவெளியைப் போல நான்கு மடங்கு என்பதால், ஆழக் கணக்கில் நான்கு மடங்காகி 16 மில்லிமீட்டராக வந்து நிற்கும். படத்தைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. இரண்டு கேமராவின் எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்) சிக்னலையும், சிக்னலை நேரத்தோடு வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் போட்டுப் பார்த்தேன். ஒரு மைக்ரோ நொடிக்குள் சேர்ந்தே எழுகின்றன. பதிவு நீண்டாலும் விலகவில்லை. சென்சாரும் குளோபல் ஷட்டர் வகைதான். படத்தின் மேல் வரியும் கீழ் வரியும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன.

துல்லியம் பற்றி விளம்பரத் தாளில் ஒரே ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார்கள், எந்தத் தூரத்தில் என்று சொல்லாமல். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்கள் லென்ஸில் 2 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் என்பது 0.8 மில்லிமீட்டர். பந்தின் மையத்தைப் பத்தில் ஒரு பிக்சலுக்குள் பிடித்தால் குறுக்குவாட்டில் பிழை 0.08 மில்லிமீட்டர், ஆழத்தில் ஏறக்குறைய 0.3. அதே செட்டை 4 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் ஆழப் பிழை 1.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். தூரம் இருமடங்கானால் ஆழப் பிழை நான்கு மடங்கு. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இந்தக் கணக்குதான்.

அப்புறம் ஃபிரேம் வேகம். தாளில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான். முழுப் படத்துக்கு நொடிக்கு 2000 ஃபிரேம், படத்தை மெல்லிய பட்டையாக வெட்டினால் இன்னும் பல மடங்கு. ஆனால் ஃபிரேம் கூடினால் வேகக் கணக்கு தானாகத் துல்லியமாகிவிடாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் இடப் பிழை 0.3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 1000 ஃபிரேமில் அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கழித்து வேகம் கண்டால் பிழை நொடிக்கு 0.4 மீட்டர். 5000 ஃபிரேமில் அதே கழித்தலைச் செய்தால் 2 மீட்டருக்கு மேல். இடப் பிழை அப்படியே இருக்க, அதை வகுக்கும் நேரம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பல ஃபிரேம்களைச் சேர்த்து ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அதிலிருந்து வேகத்தை எடுக்க வேண்டும். இந்த மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் மூன்றாவது மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. திறந்ததும் காட்டுவது வெறும் கழித்தல் கணக்கைத்தான். புதிதாக வருகிற மாணவர்கள் குதித்துக் குதித்து ஓடும் வேக வரைபடத்தைப் பார்த்துக் கேமராவைச் சந்தேகிக்கிறார்கள். அடுத்த பதிப்பில் இதை மாற்றியே ஆக வேண்டும்.

சுழற்சியில் இந்த செட் அசத்துகிறது. பந்தின் மேல் புள்ளிகள் வைத்தால் ஒவ்வொன்றின் முப்பரிமாண இடமும் கிடைக்கிறது, சுழலும் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வரை. நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் பந்து 1000 ஃபிரேமில் படத்துக்குப் படம் 18 டிகிரிதான் திரும்பும். அதே புள்ளிகளைத் தொடர்ந்து பின்பற்ற அது போதும்.

கேலிபரேஷன் எளிது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையைப் பல கோணங்களில் காட்ட வேண்டும். செங்யோ ஜாங் 2000-இல் வெளியிட்ட முறையின் வழியில் வந்ததுதான். கட்டத்தின் மூலைகள் படத்தில் தெரியும் இடத்துக்கும் கணக்கிட்ட இடத்துக்கும் உள்ள பிழை கால் பிக்சலுக்குக் கீழே போனால் மென்பொருள் பச்சை விளக்கு காட்டுகிறது. அந்தப் பச்சையை மட்டும் நம்பாதீர்கள். பலகையை நடுவிலேயே வைத்துக் காட்டினாலும் பச்சை வரும், பந்து ஓரத்துக்குப் போனதும் அளவு பிசகும். நான் தினமும் இரண்டு சோதனை செய்கிறேன். சாய்த்து வைத்த சுழல்தட்டில் ஒரு புள்ளி ஒட்டிச் சுற்றவிடுவேன், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆரம் ஒன்றாகவே வர வேண்டும். பிறகு ஒரு கனமான பந்தைக் கீழே போடுவேன், முடுக்கம் 9.8-ஐ ஒட்டி வர வேண்டும். இந்த செட் இரண்டிலும் தேறுகிறது, கேமரா நன்றாகச் சூடேறிய பிறகு. கேமராவை இயக்கியவுடன் அளந்தால் படம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான்.

விளக்குக்குத் தனியாகத் திட்டமிடுங்கள். 40 மீட்டர் வேகத்தில் மங்கல் ஒரு பிக்சலுக்குள் அடங்க எக்ஸ்போஷர் 20 மைக்ரோ நொடியைத் தாண்டக் கூடாது. அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், அதுவும் நேர்மின்சாரத்தில் எரியும் எல்இடியாக இருக்க வேண்டும். சாதாரண விளக்கில் ஃபிரேம்கள் இருண்டும் வெளுத்தும் மாறி மாறி வரும்.

நினைவகம் கேமராவுக்கு 16 ஜிபி. முழு வேகத்தில் ஆறு நொடியில் நிறைந்துவிடும். ஆனால் பழையதை அழித்துக்கொண்டே சுழன்று பதிவதால், பந்து போன பிறகு டிரிகர் கொடுத்தாலும் காட்சி கிடைக்கிறது. கணினிக்கு மாற்றத்தான் பொறுமை வேண்டும்.

3 மீட்டருக்கு உட்பட்ட வேலைக்குத் தயங்காமல் வாங்கலாம். அதற்கு மேல் என்றால் ஒரு மீட்டர் தண்டைக் கேட்டு வாங்குங்கள், ஆழப் பிழை பாதியாகும். இரண்டு கேமராவும் சேர்ந்து பார்க்கும் பரப்பு கொஞ்சம் சுருங்கும், அதையும் முதலிலேயே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.