வவுச்சரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரம் மதுரையிலிருந்து வந்திருக்கும் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, ஒன்லைன் ஓகே ஆயிடுச்சு. டிஸ்கஷனுக்கு உட்காரச் சொல்றாங்க, பத்தாயிரம் தர்றாங்களாம்" என்றான். ஒன்லைன் என்றால் கதைச் சுருக்கம்; டிஸ்கஷன் என்றால் ஆபீஸில் உட்கார்ந்து பேசிப் பேசிக் கதையை வளர்ப்பது. அவனைப் போல சினிமாவுக்குக் கதை எழுத வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அப்படித்தான் தொடங்கியது, சென்னை சாலிகிராமத்தில் ஒரு ஃபிளாட்டில். கதை என்னுடையது. இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. படப் பூஜை அன்று மூன்று லட்சம், டைட்டிலில் கதை, திரைக்கதை என்று என் பெயர் என்றார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுதித் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. எட்டு மாதம் காலை பத்து மணிக்குப் போய் ராத்திரி திரும்புவேன். பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது முழுத் திரைக்கதைப் பிரதி, 118 பக்கம், முழுக்க நான் டைப் செய்தது. அதுவும் அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில்.

நடுவில் மூன்று முறை பத்தாயிரம் கொடுத்தார்கள். மேனேஜர் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரை நீட்டுவார், நான் கையெழுத்துப் போடுவேன். வாடகை பாக்கி கழுத்தை நெரித்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

படம் வந்தது. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் ஒரே பெயர். என் பெயர் 'கதை விவாதம்' கார்டில், ஆறு பேரில் நான்காவது. போய்க் கேட்டேன். மேனேஜர் வவுச்சர்களை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றிலும் 'கதை விவாத உதவிக்கான முழு ஊதியம்' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

வக்கீலிடம் போன பிறகுதான் சில விஷயங்கள் புரிந்தன. கதைக் கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 1978-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிய காட்சிகளுக்குத்தான் உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றிக் கொடுக்க முடியும். வவுச்சரில் உரிமை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் என் திரைக்கதை அவர்களுக்குப் போய்விடவில்லை. ஆனால் எழுதியது நான்தான் என்று காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. 2018-இல் 'சர்கார்' படக் கதை விவகாரத்தில், கதை தன்னுடையது என்று சொன்ன ஒரு எழுத்தாளருக்கு டைட்டிலில் நன்றி கிடைத்தது என்றால், 2007-இலேயே அவர் தன் கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்து வைத்திருந்ததால்தான்.

அதனால் முதலில் காட்சிகளாக எழுதி முடியுங்கள், பதிவு செய்யுங்கள், அப்புறம் நரேஷனுக்கு, அதாவது கதை சொல்லப் போங்கள். சொந்த லேப்டாப்பில் எழுதி, உங்கள் மெயிலிலிருந்தே அனுப்புங்கள். சம்பளம், டைட்டில் கார்டில் வரவேண்டிய வார்த்தை, எத்தனை வருஷத்துக்கு உரிமை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வவுச்சர் வந்தால் 'கதை, திரைக்கதைக்கான முன்பணம்' என்று உங்கள் கையாலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுத விடமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் அந்தப் பணம் வேண்டாம்.

அந்தத் தம்பியிடம் எந்த ஆபீஸ் என்று கேட்டேன். வளசரவாக்கத்துக்கு மாறிவிட்டார்களாம். மேனேஜர் அதே ஆள்தான். திங்கட்கிழமை அவனோடு நானும் போகிறேன்.