விளக்கெண்ணெய் ஊறிய பழைய ரேஸ் படகுக்கு மின்மோட்டார்: சில கோடைகளுக்குப் பிறகு

பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் ஓட்டும் பழைய குட்டி மாடல் ரேஸ் படகை எஞ்சினிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றலாம், நன்றாகவே ஓடும், ஆனால் பழைய எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுத்ததோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்று கடையில் கிடைக்கும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மின்மோட்டார்களில் முக்கால்வாசி அந்த வயதான ப்ளைவுட்டுக்கு அதிகம்.

என்னிடம் இருப்பது எழுபதுகளில் பிரிட்டனில் யாரோ வீட்டில் வைத்துக் கட்டியது. அப்போது தபாலில் வரைபடம் வாங்கி, ப்ளைவுட்டை அறுத்து, தாங்களே கட்டிக்கொள்வது அங்கே சாதாரணம். நீளம் 80 செ.மீ., அடிப்பாகம் ஆழமான வி வடிவம், மேல்தளத்தில் மஹோகனி வெனீர். உள்ளே மெத்தனாலில் ஓடும் 6.5 சிசி க்ளோ எஞ்சின், தலையில் தண்ணீர் ஓடும் ஜாக்கெட், ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். பார்க்க அழகு. ஓட்டத்தான் இடமில்லை, ஏனென்றால் இங்கே ஊருக்குள் இருக்கும் பூங்காக் குளங்களில் பெரும்பாலும் சத்தத்தைக் காரணம் காட்டி எஞ்சின் படகை விட மாட்டார்கள். அலமாரியில் வைத்துத் தூசி தட்டுவதா, மாற்றுவதா என்பதுதான் என் முன் இருந்த கேள்வி.

மாற்றப்போகிறேன் என்றதும் சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பாரம்பரியம் போச்சாம். சரி, பாரம்பரியம் என்றால் முழுசாகப் பேசுவோம். 1898-இல் நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டெஸ்லா காட்டிய படகுதான் ரேடியோவில் ஓடிய முதல் படகு. அது பேட்டரியும் மின்மோட்டாரும் வைத்த படகு! மெத்தனால் எஞ்சின்களெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை.

இனி வேலைக்கு வருகிறேன். மோட்டார் எது, பேட்டரி எது என்று எல்லோரும் அதையே கேட்கிறார்கள், ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது எண்ணெய். க்ளோ எரிபொருள் என்பது மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், அப்புறம் மசகுக்காக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய், அந்தக் காலத்தில் அது அநேகமாக விளக்கெண்ணெய்தான். (உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில், எனவே இந்தப் படகுக்குள் ஊறிக்கிடந்தது நம் ஊர்ச் சரக்காகக்கூட இருக்கலாம்.) பல வருடம் எஞ்சினுக்கு அடியில் சொட்டிச் சொட்டி மரத்துக்குள் இறங்கிய அந்த எண்ணெய் இருக்கும்வரை எபாக்சிப் பசை ஒட்டாது, ஒட்டியது போலக் காட்டிவிட்டு முதல் வேகத்திலேயே தகடாக உரிந்து வரும். அசிட்டோனில் துடைத்தால் மேற்பரப்பு மட்டும் சுத்தமாகும், மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் பளபளக்கும். எனக்குப் பலித்தது இதுதான்: ஹீட் கன்னில் இளஞ்சூடு காட்டினால் எண்ணெய் மேலே வியர்த்து வரும், அதைத் துடைத்து, டால்கம் பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் மிச்சத்தை அது உறிஞ்சும், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் சூடு. பவுடர் வெள்ளையாகவே உதிர்கிற வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அசிட்டோன் ஆவி இருக்கும்போது ஹீட் கன் பக்கத்திலேயே வரக்கூடாது. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே படகை விற்றுவிடலாம், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எஞ்சின் உட்கார்ந்திருந்த கட்டைகளில் நான் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. பழைய போல்ட் துளைகளுக்குச் சரியாக ஒரு அலுமினியத் தகடு வெட்டி, மோட்டாரை அந்தத் தகட்டில் மாட்டியிருக்கிறேன். நாளைக்கு யாருக்காவது எஞ்சினோடு வேண்டுமென்றால் ஒரு சாயங்காலத்தில் பழையபடி மாற்றிவிடலாம். எஞ்சினும் கழுவி எண்ணெய் விட்டுத் துணியில் சுற்றி பத்திரமாக இருக்கிறது. மெத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அப்படியே வைத்தால் பேரிங் துருப்பிடித்துவிடும், எஞ்சினைக் கழற்றி வைப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

ப்ரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டில் ஒரு சின்னத் தலைவலி வரும். பழையது 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. புது மோட்டாரின் அச்சோ 5 மி.மீ. கால் மில்லிமீட்டர்தானே என்று இரண்டையும் இணைக்க இரண்டு பக்கமும் 5 மி.மீ. துளையுள்ள கப்ளிங் போட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் ஷாஃப்ட் மையம் விலகி, இருபதாயிரம் சுற்றில் படகே நடுங்கும், குழாயின் வெண்கலப் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். ஒரு பக்கம் 4.76, மறுபக்கம் 5 என்று கடைந்த கப்ளிங் விலைக்கே கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். சுழலும் திசையைப் பற்றிக் கவலையே வேண்டாம், மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ஆனால் பழைய திசையையே வைத்துக்கொள்வது நல்லது. பின்னாலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் இடஞ்சுழியாகச் சுற்றும், அதன் எதிர்விசை படகை வலப்பக்கம் அழுத்தும், அதைத் தாங்குகிற மாதிரிதான் கட்டியவர் சுக்கானையும் ஓரத் தகட்டையும் வைத்திருக்கிறார்.

சரி, எவ்வளவு சக்தி? அந்தக் காலத்துச் சாதாரண 6.5 சிசி எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 750 வாட். நான் போட்டது 36 மி.மீ. விட்டமுள்ள, தண்ணீர் ஜாக்கெட் வைத்த மோட்டார், வோல்ட்டுக்கு 1500 சுற்று. நான்கு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் 14.8 வோல்ட், பளு இல்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்று, பளுவோடு அதற்குக் கீழே. பழைய எஞ்சினும் ஏறக்குறைய இந்த வட்டாரத்தில்தான் சுற்றியிருக்கும், அதனால் ப்ரொப்பெல்லரை மாற்றவே தேவைப்படவில்லை. அது ஆக்டூரா எக்ஸ்440. அந்த எண்ணிலேயே கணக்கு இருக்கிறது: 40 மி.மீ. விட்டம், அதன் 1.4 மடங்கு பிட்ச், அதாவது வழுக்கல் இல்லையென்றால் ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. முன்னேறும். இருபதாயிரம் சுற்றில் தாளில் மணிக்கு 67 கி.மீ. வரும், தண்ணீரில் வழுக்கல் போக ஐம்பதை ஒட்டி ஓடினால் சந்தோஷப்படலாம். இந்த ப்ரொப்பெல்லர்கள் பெரிலியம் கலந்த செம்பு, ராவிக் கூர்தீட்டும்போது அந்தத் தூள் நுரையீரலுக்குப் பெரிய கேடு, எனவே நனைத்துத் தீட்டுங்கள், முகமூடி இல்லாமல் கிட்டேயே போகாதீர்கள்.

ஆறு செல் போட்டு இரண்டு மடங்கு சக்தி எடுக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எடுக்கலாம். எஞ்சின் மெல்ல மெல்லச் சுற்று ஏறித்தான் முழுச் சக்திக்கு வரும், மின்மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையைக் கொடுக்கும், அது ஐம்பது வருடப் பசை இணைப்புகளில் போய் விழும். நான்கு செல்லிலேயே, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஆக்ஸிலரேஷனை மென்மையாக வைத்துத்தான் ஓட்டுகிறேன். வேகம்தான் வேண்டுமென்றால் ஃபைபர்கிளாஸ் படகு வாங்கிக்கொள்ளலாமே, இந்த மரத்தை ஏன் வதைக்க வேண்டும்?

ஓடும் நேரத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 74 வாட்-மணி. 750 வாட்டில் தொடர்ந்து ஓட்டினால் ஆறு நிமிடத்தில் ஒன்றுமிருக்காது, ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க வேண்டும் என்பதால் ஐந்து நிமிடம்கூட இல்லை. வளைவில் தளர்த்தி ஓட்டினால் எட்டு, ஒன்பது வரை இழுக்கலாம். 250 மில்லி மெத்தனாலில் அடங்கிய வெப்பமே ஒரு கிலோவாட்-மணிக்குச் சற்று மேல். எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் குளத்தின் மேல் விட்டுவிடுகிறது என்பதால்தான் பேட்டரியால் பக்கத்திலாவது வர முடிகிறது. இரண்டு பேட்டரி வைத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குப் போதும்.

எடை விஷயத்தில் எனக்கு எதிர்பாராத லாபம் கிடைத்தது. எரிபொருள் குறையக் குறையப் பழைய படகின் மூக்கு எழும்பும் தணியும், ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு படகு, முடிவில் இன்னொரு படகு. பேட்டரியின் எடை மாறாது, ஒருதரம் சரிசெய்தால் கடைசிவரை அப்படியே. இப்படிப்பட்ட வி அடிப்பாகத்துக்கு எடையின் மையம் பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நன்றாகத் தூக்கி ஓடும், என் படகுக்கு 24 செ.மீ. பேட்டரியை வெல்க்ரோவில் முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு விரல்கடை வித்தியாசத்தைக்கூடத் தண்ணீரில் பார்க்கலாம். ஆனால் பேட்டரியை முன்னே தள்ளினால் வயர் நீளும், பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே வயர் நீண்டால் வோல்டேஜ் துள்ளி, கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் சூடேறிச் சாகும். நீளம் தவிர்க்க முடியாத இடத்தில் கூடுதல் கெப்பாசிட்டர் வரிசை ஒன்றைக் கன்ட்ரோலர் பக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். சேர்த்த பிறகு இதுவரை தொந்தரவில்லை.

பழைய தண்ணீர் உறிஞ்சிக் குழாயை அப்படியே பயன்படுத்துகிறேன், குளிர்ந்த தண்ணீர் முதலில் கன்ட்ரோலருக்கு, பிறகு மோட்டாருக்கு, அப்புறம் பக்கவாட்டில் வெளியே. அந்தப் பீச்சல் தெரிகிறதா என்று கரையிலிருந்து பார்த்துக்கொண்டே ஓட்டுவது பழகிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் குளத்தில் பாசி ஏறினால் குழாயும் அடைக்கும், ப்ரொப்பெல்லரிலும் சுற்றும். எஞ்சின் என்றால் பாசி சுற்றியதும் முக்கி நின்றுவிடும், மின்மோட்டார் நிற்காமல் கூடுதல் கரண்டை இழுத்துக்கொண்டு தன்னைத்தானே பொசுக்கிக்கொள்ளும். பாசி கண்ட நாளில் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மேல்தள மூடியைத் தண்ணீர் புகாமல் எல்லோரும் டேப் ஒட்டித்தான் அடைப்பார்கள். பழைய வார்னிஷில் டேப் ஒட்டினால் வார்னிஷும் சேர்ந்து உரியும், அதனால் உள்ளே ஒரு ரப்பர் நுரைப் பட்டையும் நான்கு ஸ்க்ரூவும். மூக்குக்குள் காற்றடைத்த நுரைக் கட்டைகளைத் திணித்திருக்கிறேன், கவிழ்ந்தாலும் முழுகாது. குளிர்காலத்தில் பேட்டரி சோம்பும், ஐந்து டிகிரியில் படகு எழுந்து ஓடவே யோசிக்கும், கோட்டுப் பைக்குள் வைத்துச் சூடாக எடுத்துப்போனால் சரியாகிவிடுகிறது. ஓட்டாத மாதங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், முழு சார்ஜில் விட்டால் ஊதிப்போகும். எனக்கு ஊதிப்போன பேட்டரிகள் எல்லாம் அப்படி அலமாரியில் இருந்தவைதான், தண்ணீரில் உழைத்தவை அல்ல.

இழப்பு இல்லையா என்றால் இருக்கிறது. அந்த விளக்கெண்ணெய்ப் புகை வாசனைக்கும் கீச்சிட்டு ஏறும் சத்தத்துக்கும் ஈடு எதுவும் கிடையாது, முன்பு சத்தம் கேட்டே ஆட்கள் கரைக்கு வருவார்களாம், இப்போது பக்கத்தில் வந்தால்தான் திரும்பியே பார்க்கிறார்கள். மறுபுறம், நடுக்குளத்தில் எஞ்சின் நின்று, தோணி எடுத்துப்போய்ப் படகை இழுத்துவரும் வேலையும் இல்லை. வோல்டேஜ் இறங்கினால் கன்ட்ரோலர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கரைக்கு வர விடுகிறது. செலவு? மோட்டார், கன்ட்ரோலர், இரண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்துப் படகை வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது.

எல்லாப் படகுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். டேப்ளின் ட்வின் என்று ஓர் இரட்டைச் சிலிண்டர் பிரிட்டிஷ் டீசல் எஞ்சின் உண்டு, அது உள்ளே இருக்கும் படகு கையில் கிடைத்தால் நான் ஸ்பானரையே எடுக்க மாட்டேன், தூரமானாலும் அனுமதி உள்ள ஏரிக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுவேன். இத்தனைக்கும் அந்த எஞ்சினை உருவாக்கிய கர்னல் டேப்ளின்தான் 1957 ஜூனில் ரேடியோவில் இயங்கும் மின்சார விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டவர் என்று பதிவாகியிருக்கிறது. அவரே இருந்திருந்தால் என்னைவிட முன்னால் கழற்றியிருப்பாரோ என்னவோ.