ஓவர்லேயா, பேஸ்டு பாயிண்டரா?

மாட்டுத்தாவணி பூ மண்டிக் கணக்கை ஐபிஎம் ஐ கணினிகளின் வணிக நிரல் மொழியான ஆர்பிஜியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய அரே, அதாவது ஒரே வடிவ உறுப்புகளின் வரிசை; ஒவ்வொரு உறுப்பும் 30 பைட். பூவின் பெயருக்கு 20, விலைக்கு 10. டேட்டா ஸ்ட்ரக்சருக்குள் (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே நினைவகப் பகுதி) அந்த அரே மேலேயே ஓவர்லே போட்டு, அதாவது அதே பைட்டுகளுக்கு இன்னொரு பெயர் கொடுத்து, விலையைத் தனி சப்ஃபீல்டாக்கினால், விலையை மட்டும் சார்ட்ஏ (அரேயை வரிசைப்படுத்தும் கட்டளை) செய்தால் போதும். மல்லிகையும் பிச்சியும் தத்தம் விலையோடு சேர்ந்தே நகரும். எனக்கு இதுதான் பிடித்தது. டேட்டா ஸ்ட்ரக்சர் அளவுக்கு இருந்த பழைய 65,535 பைட் வரம்பும் 2008-இல் வந்த ஐபிஎம் ஐ 6.1 பதிப்பில் 1,67,73,104 ஆகிவிட்டது.

பேஸ்டு பாயிண்டர், அதாவது பாயிண்டர் காட்டும் நினைவக முகவரியில் மாறியை வைப்பது? ஓடும்போதே தேவைக்கேற்ப இடம் வாங்கலாம். அதே நினைவகத்தை வேறு வடிவிலும் பார்க்கலாம். சரி, ஆனால் வாங்கிய இடத்தைத் தாண்டி எழுதினால் கம்பைலர் வாய் திறக்காது. பக்கத்தில் இருந்தது கெட்ட பிறகுதான் தெரியும். அளவு முன்கூட்டியே தெரியாதபோது மட்டும் இதைத் தொடுவேன்.