அப்பாவின் காது மிஷின்: மூன்று வருஷ அனுபவம்

அப்பாவுக்கு இப்போது 81 வயது. முதல் மிஷினை ஒரு கடையில், காதைப் பரிசோதிக்காமலே வாங்கினோம். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக ஏற்றிக் கொடுத்தது. மிக்சி ஓடினால் பிடுங்கிப் போட்டுவிடுவார். இரண்டே வாரத்தில் அது பீரோவுக்குள் போய்விட்டது.

பிறகு ஒரு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்), எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்து விளக்கினார். கனத்த ஒலிகள் அப்பாவுக்கு ஓரளவு கேட்கின்றன, கூர்மையான மேல் ஒலிகள்தான் போய்விட்டன. "சட்டையை மாத்துங்கப்பா" என்றால் கட்டையைத் தேடுவார். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்று அவர் பலமுறை சொல்லியும், எல்லாவற்றையும் மறதிக் கணக்கிலேயே எழுதிவிட்டோம். மறதியும் இருந்தது, ஆனால் அது பாதிதான்.

மறதி உள்ளவருக்கு வாங்குகிறவர்கள் முதலில் பேட்டரியைப் பாருங்கள். எங்களுடையது ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் நம்பர். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும். ஒருநாள் அப்பா அட்டையிலிருந்த ஆறையும் உரித்து மாத்திரை டப்பா பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தார். விழுங்கியிருந்தால்? எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த வாரமே சார்ஜ் ஏற்றும் மாடலுக்கு மாறினோம். செல்போன் ஆப், ப்ளூடூத் எதுவும் அவருக்குப் பயன்படவில்லை.

ஆரம்பத்தில் தினம் ஒரு மணி நேரம்தான் போட்டோம். இப்போது காலைக் காபி முடிந்ததும் நானே மாட்டிவிடுகிறேன். சிவப்புப் புள்ளி வலது காது, நீலம் இடது. குறும்பி அடைக்கும் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். "மிஷின் கெட்டுப்போச்சு" என்று ஓடிய இரண்டு தடவையும் அடைப்புதான்.

மிஷின் போட்டால் மறதி குணமாகுமா என்று கேட்கிறார்கள். 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அச்சீவ் ஆய்வில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. மறதி வரும் ஆபத்து அதிகமிருந்த பிரிவில் மட்டும், மிஷின் போட்டவர்களுக்கு நினைவு, சிந்தனைத் திறனின் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் யாரும் மறதி நோய் முற்றியவர்கள் இல்லை. அதனால் அப்பாவின் மறதி திரும்பிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேச்சில் கலந்துகொள்கிறார், கோபம் குறைந்திருக்கிறது. எனக்கு அது பெரிது.

நாங்களும் மாறினோம். டிவியை நிறுத்தி, எதிரே உட்கார்ந்து, "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகே பேசுகிறோம்.

கல்யாண மண்டபத்தில் மட்டும் இன்னும் திணறுகிறார். மேளம் தொடங்கியதும் மிஷினைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவார். பந்தியில் உட்காரும்போது மறுபடி மாட்டிவிடுகிறேன்.