எஞ்சின் மிஸ்ஸிங்: காயிலை வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் மேலும், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் தனித்தனியாகப் பொருத்தப்பட்ட எஞ்சின் அது. ஓட்டம் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய சமயத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது, மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி விட்டுவிட்டு உதறத் தொடங்கியது. சமதளத்தில் அந்தக் குறையே தெரியவில்லை. இந்த வேறுபாடே முதல் தடயம். பளு கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உயர்வதால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. தளர்ந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் அங்கேதான் கைவிடுகின்றன.

எஞ்சின் கணினியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும், கைபேசியோடு இணையும் சிறிய ஓபிடி ஸ்கேனர் பி0302 என்று காட்டியது. இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது (மிஸ்ஸிங்) என்பது மட்டுமே இதன் பொருள். காயில் பழுது என்று அது சொல்லவில்லை. பி0352 வந்திருந்தால் காயிலின் மின்சுற்றையும் கனெக்டரையும் முதலில் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் மிஸ்ஸிங் என்றதும் நான்கு காயிலையும் மாற்றிவிடலாம் என்ற யோசனைதான் பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. அதை நான் ஏற்பதில்லை.

எஞ்சின் ஆறிய பிறகு, இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் பொருத்தி, அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, அதே போன்ற ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். இம்முறை பி0303 வந்தது. பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்ததால் காயில்தான் காரணம் என்பது உறுதியானது. குறியீடு நகராமல் இரண்டாம் சிலிண்டரிலேயே நின்றிருந்தால், அடுத்து பிளக்கையும், பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் (கம்ப்ரஷன்) சோதித்திருக்க வேண்டும்.

ஆனால் காயில் ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை பிளக் குழிக்குள் இருந்தது. காயிலைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் உறை (பூட்) எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்தது போன்ற மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் பீங்கானின் வெளிப்பரப்பு வழியாகவே இறங்கிய தடம் அது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பிளக் குழி சீல் கசிந்திருந்தது. எனவே கேஸ்கெட், சீல்கள், நான்கு பிளக்குகள், ஒரே ஒரு காயில் ஆகியவற்றை மாற்றினோம். கசிவை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றியிருந்தால், புதிய ரப்பர் உறையும் அதே எண்ணெயில்தான் ஊறியிருக்கும்.

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பயணத்தைத் தொடர வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதன் உட்பகுதியையே உருக்கிவிடக்கூடும். அதை மாற்றும் செலவு காயிலின் விலையைப் போலப் பல மடங்கு. எஞ்சின் ஓடும்போதே காயில் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பழைய முறையையும் இதே காரணத்தால் தவிர்க்கிறேன்.

ஸ்கேனரின் எண்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எரிதல் தவறும்போது பயன்படாத ஆக்ஸிஜன் சைலன்சர் பக்கம் வெளியேறுவதால், அங்குள்ள ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. ஃப்யூவல் ட்ரிம் (எஞ்சின் கணினி பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருத்த எண்) உயர்ந்திருப்பதைக் கண்டு பெட்ரோல் பம்பைக் குறை சொல்லும் முன், மிஸ்ஸிங்கைச் சரிசெய்துவிட்டு அந்த எண்ணை மறுபடி பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு அதே மலைப்பாதையில் வண்டி உதறவில்லை. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் காயில்களைக் கழற்றி, ரப்பர் உறையில் ஈரம் உள்ளதா என்று பார்த்துவிட்டே திரும்பப் பொருத்துகிறேன்.