இலைச்சுருட்டு வைரஸும் தக்காளி ரகங்களும்: பல பருவ அனுபவம்

பல பருவங்களாகப் பழைய ரகத் தக்காளியையும், வைரஸ் தாங்கும் ஹைபிரிட்டையும் ஒரே பாத்தியில் பக்கத்துப் பக்கத்தில் நட்டு வந்திருக்கிறேன். இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ இரண்டிலும்தான் உட்காருகிறது. வித்தியாசம் தெரிவது அதற்கு அப்புறம்தான்.

பிராண்டிவைன் போன்ற பழைய ரகத்தில் நாற்றாக இருக்கும்போதே வைரஸ் ஏறிவிட்டால் அந்தச் செடியை மறந்துவிடலாம். நுனி இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருளும். செடி குட்டையாகவே நிற்கும், பூ கொட்டும். காய் பிடித்த பிறகு வந்தால், பிடித்த வரைக்குமாவது தேறும். ருசிக்காக இந்த ரகங்களை இன்னும் விடவில்லை. நாற்றை மட்டும் நெருக்கமான பூச்சி வலைக்குள் வளர்க்கிறேன்.

ஹைபிரிட் விதை பாக்கெட்டில் 'டி.ஒய்.எல்.சி.வி.' (இந்த இலைச்சுருட்டு வைரஸின் ஆங்கிலச் சுருக்கம்) என்பதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் 'ஐ.ஆர்.' என்றுதான் போட்டிருக்கும். இடைநிலை எதிர்ப்பு. நோயே வராது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சொலானம் சிலென்ஸ் என்ற காட்டுத் தக்காளியிலிருந்து வந்த டி.ஒய்.-1 மரபணு, வைரஸ் பெருகுவதை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஈ அதிகமான பருவத்தில் என் ஹைபிரிட் செடிகளிலும் நுனி லேசாக மஞ்சளாகும், ஆனால் காய்ப்பு நிற்காது. வெள்ளரி மொசைக் வைரஸும் சேர்ந்து தாக்கினால் இந்தத் தாங்குதிறன் குறையும் என்பதால் அதைப் பரப்பும் அசுவினியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. தெம்பாக நிற்கிற செடிக்குள்ளும் வைரஸ் இருக்கலாம், ஈ அதைப் பக்கத்துப் பழைய ரகத்துக்குக் கொண்டுபோகலாம். அதனால் இப்போது இரண்டையும் தள்ளித் தள்ளி நடுகிறேன்.

'எச்.ஆர்.', அதாவது உயர் எதிர்ப்பு, தக்காளி மொசைக் வைரஸுக்குத்தான் அதிகம் பார்க்கிறேன். அதையும் முழுசாக நம்ப முடியாது. அந்த எதிர்ப்பைத் தந்துவந்த மரபணுவைத் தாண்டிவிடும் பழச் சுருக்க வைரஸ் ஒன்றை 2015-ல் ஜோர்டானில் கண்டார்கள். அது விதையிலும் பரவும், கையிலும் கத்தரிக்கோலிலும் ஒட்டிக்கொண்டும் பரவும்.

விதை எடுத்து வைக்கிறவர்களுக்கு ஒன்று. ஹைபிரிட்டின் பழத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி தாங்காது. தாய்ச் செடியில் அந்த மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால், பிள்ளைச் செடிகளில் ஏறக்குறைய கால்வாசிக்கு அது கிடைக்காமலே போகும். என் பாத்தியில் ஒரே பழத்தின் விதையில் முளைத்தவற்றில் சில சுருண்டு நின்றன, சில ஜோராகக் காய்த்தன. அந்த விதையையே தொடர்வதாக இருந்தால் நாற்றுகளைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொள்ளுங்கள்.